குழி இல்லாத மேடை

ஹிந்தே ராய்ஸ்மனைப் பற்றி வார்சாவில் யாரைக் கேட்டாலும் முதலில் கதவுக் கதையைத்தான் சொல்வார்கள். மேடையில் அவளுடைய மகன் செத்துக்கொண்டிருக்கிறான். அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கையை நெஞ்சில் வைத்து, இன்னொரு கையை மேலே தூக்கி, கொட்டகையே அதிரும் குரலில் ஹிந்தே சொன்னாள்: "அந்தக் கதவைச் சாத்து, முதுகுல காத்து வெட்டுது." சனங்கள் விக்கி விக்கி அழுதார்கள். மாடியில் இருந்த ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

நடந்தது என்னவென்றால், அந்த யூத நாடகக் கொட்டகையில் வாரத்துக்கு ஒரு புது நாடகம். எவன் உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டிருப்பான்? மேடையின் முன் விளிம்பில் ஒரு குழி இருக்கும். அதன்மேல் சபைக்கு முதுகைக் காட்டிய மாதிரி ஒரு மரக்கூண்டு. உள்ளே ஒருவன் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து நாடகம் முழுவதையும் முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை முணுமுணுத்துக்கொண்டே இருப்பான். நடிகர்கள் அதைக் காதில் வாங்கி வாயால் விடுவார்கள். அன்றைக்குக் குழிக்குள் இருந்தவனுக்குப் பின்னால் கீழ்த்தளத்துக் கதவு திறந்து கிடந்தது. குளிர் தாங்காமல் அங்கே நின்ற ஆளிடம் சாத்தச் சொன்னான். காதில் விழுந்ததை ஹிந்தே அப்படியே சபைக்குச் சொல்லிவிட்டாள்.

குழிக்குள் இருந்தவன் வேறு யாருமில்லை, அவள் புருஷன் யோய்னே.

யோய்னே மாதிரி வசனம் எடுத்துக்கொடுக்கிறவன் அப்போது போலந்திலேயே இல்லை என்று சொல்வார்கள். மற்றவர்கள் எடுத்துக்கொடுத்தால் முதல் மூன்று வரிசைக்கும் சேர்த்துக் கேட்கும். நாடகத்தை இரண்டு தடவை பார்த்த மாதிரி இருக்கும். யோய்னேவின் குரல் மேடையைத் தாண்டாது. ஹிந்தே எங்கே மூச்சு விடுவாள், எந்த வார்த்தையில் அழ ஆரம்பிப்பாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவள் மூச்சு விடுகிற இடைவெளியில் அடுத்த வரியைக் கொண்டுவந்து வைத்துவிடுவான். கல்யாணமாகி எட்டு வருஷம் இப்படித்தான் ஓடியது. "நடிக்கிறவன் யோய்னே, வாயைத் திறக்கிறவ ஹிந்தே" என்று நடிகர்கள் கூடும் டீக்கடையில் கேலி பேசுவார்கள். ஹிந்தேவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு டீ குடிக்கிறபோது சிரிப்பது ஆபத்து என்றாலும் சிரிப்பாள்.

நாடகக்கம்பெனி முதலாளி பெரிஷ் சுக்கர்மன் புருஷன் பெண்சாதியை ஜோடியாகத்தான் வேலைக்கு வைப்பான். எல்லா முதலாளிகளும் அப்படித்தான். வருஷா வருஷம் இலையுதிர்காலத்தில் புருஷனைக் கூப்பிட்டு, "ஜோடிக்குக் கையெழுத்துப் போடு" என்பான். போட்டால் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டதாகக் கணக்கு. நலெவ்கி தெரு முழுக்க ஹிந்தேவின் பெயர் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கும். ஆனால் அந்தப் பெயரை ஒரு ஒப்பந்தத்திலும் அவள் எழுதியதில்லை. அதைப் பற்றி அவள் யோசித்ததும் இல்லை, வில்னா நகரத்திலிருந்து ஒரு மனிதர் வந்து சேரும் வரைக்கும்.

அவர் பெயர் நோட்டே ஸெலிகர். வில்னாவில் புதிதாக ஒரு குழு ஆரம்பித்திருந்தார். ஒல்லியான மனிதர். சிரிக்க மாட்டார், ஒப்பனை அறையில் ஆரஞ்சு கொடுத்தால் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். கதவு நாடகத்தை அவர் பார்த்திருந்தார்.

"அந்தக் கதவு வசனத்தை நீங்க சொன்ன விதம் இருக்கே, அதுக்காகத்தான் வந்தேன்" என்றார்.

"கேலி பண்றீங்களா?"

"இல்லம்மா. அர்த்தமே இல்லாத ஒரு வரி. அதுக்கு நானே அழுதுட்டேன். அர்த்தமுள்ள வரியை உங்ககிட்ட குடுத்தா என்ன ஆகும்னு பாக்கணும். வசந்தத்துல எங்க நாடகம். நாலு மாசம் ஒத்திகை. ஒரே ஒரு நாடகம்."

"யார் எடுத்துக்கொடுப்பாங்க?"

"யாரும் கிடையாது. எங்க மேடையில குழி இல்ல. பலகை அடிச்சு மூடிட்டோம்."

"என் வீட்டுக்காரரு?" என்று கேட்டாள் ஹிந்தே.

"அவருக்குப் பெயின்ட் அடிக்கத் தெரியுமா?" என்றார் ஸெலிகர். வேறு வேலை அவரிடம் இல்லை. இலையுதிர்காலத்தில் வரும் சுக்கோத் பண்டிகைக்குள் பதில் சொன்னால் போதும் என்று ஆரஞ்சோடு போய்விட்டார்.

மறுநாள் காலையில் யோய்னே பேப்பர் வாங்கப் போன நேரம் பார்த்து, ஹிந்தே சமையலறை நடுவில் நின்றாள். ராணியாக நடித்திருக்கிறாள், விதவையாக, பைத்தியமாக, கைவிடப்பட்ட பெண்டாட்டியாக நடித்திருக்கிறாள். ஏதாவது ஒன்றில் ஒரு பத்து வரி சொல்லிப் பார்க்கலாமே. கையை நெஞ்சில் வைத்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அடுப்பில் வெங்காயம் கருகுகிற வாசனைதான் வந்தது. அத்தனை பாத்திரமும் அவளுக்குள் வந்து தங்காமல் காதில் நுழைந்து வாய் வழியாகப் போயிருந்தன. அவளுக்கு முதலில் பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதைவிடப் பெரிதாக ஒரு ஆவல் வந்து உட்கார்ந்துகொண்டது. யோய்னேவை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்கிற ஹிந்தே யார்? ஒருத்தி இருக்கிறாளா, இல்லையா? தெரிந்துகொள்ளாமல் இனித் தூங்க முடியாது என்று தோன்றியது.

யோய்னே வந்ததும் மறைக்காமல் சொன்னாள். அவன் பேப்பரை மடித்தான், திரும்பப் பிரித்தான்.

"பெரிஷ்கிட்ட அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு" என்றான்.

"எப்ப?"

"போன வாரம்."

"என்னைக் கேக்கவே இல்லையே."

"எந்த வருஷம் கேட்டேன்? எந்த வருஷம் நீ கேக்கச் சொன்னே?"

அது உண்மைதான். உண்மை என்பதாலேயே அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "அந்த ஆளுக்கு நான் வேணும் யோய்னே. ஜோடி வேண்டாம்."

"தெரியுது. பெயின்ட் அடிக்கிறவன்தானே வேணும்." அவனுக்கு அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள். வார்சாவில் ஒருத்தர் தும்மினால் அடுத்த தெருவில் வாழ்த்துவார்கள். "ஹிந்தே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. உன்னால முடியாது. உன் தலையில ஒரு வரி நிக்காது. நாலாவது நிமிஷம் நின்னுடுவே. அதைப் பாக்க என்னால ஆகாது."

"நீ பாக்க வேண்டாம்" என்றாள் அவள். அன்று முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேசாவிட்டால் என்ன, சாயங்காலம் குழியிலிருந்து அவன் பேச, மேடையிலிருந்து அவள் பேச, ஊருக்கே கேட்டது.

உடுப்பு அறையில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கும் த்ஸிப்பே கம்பெனிக்கே பெரிய அக்கா மாதிரி. மூன்று புருஷர்களைப் பார்த்தவள், மூவரையும் பற்றி நல்ல வார்த்தை சொல்லாதவள். ஹிந்தே அவளிடம் பஞ்சு கேட்டாள்.

"எதுக்குடி?"

"காதுல வைக்க."

த்ஸிப்பே ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "உனக்குப் புருஷன் தொல்லைன்னா வீட்டுல பஞ்சு வை. மேடையில வச்சா சோறு போயிடும்டி ஹிந்தெலே."

"ஒரே ஒரு நாள். அவன் இல்லாம நான் என்ன சொல்றேன்னு எனக்குத் தெரியணும்."

"நல்லா இருக்கு. ஊர்ல இருக்கிறவங்க புருஷன் இல்லாம என்ன செய்யலாம்னு பாப்பாங்க. இவ என்ன பேசலாம்னு பாக்கிறா" என்று முனகிக்கொண்டே த்ஸிப்பே பஞ்சைக் கொடுத்தாள்.

அன்றைய நாடகம் அமெரிக்காவுக்குப் போன புருஷன் இன்னொரு பெண்டாட்டியோடு திரும்பி வருகிற கதை. ஹிந்தே பழைய பெண்டாட்டி. பஞ்சு யோய்னேவின் குரலை அடைத்ததோடு கூட நடித்த ஹெர்ஷ்ல் பாமின் குரலையும் சேர்த்து அடைத்துவிட்டது. அவன் வாய் அசைந்து நின்றால், தன் முறை வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பேசினாள். கதை தெரியும், வார்த்தைகள்தான் தெரியாது. இஷ்டத்துக்குப் பேசினாள். ஹெர்ஷ்லின் முகத்தில் ஈயாடவில்லை. குழிக்குள் யோய்னே குரலை உயர்த்தினான், இன்னும் உயர்த்தினான், கடைசியில் கத்தவே ஆரம்பித்தான். அவன் கத்தியது மாடி வரைக்கும் கேட்டது, அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. நாலாவது வரிசையில் ஒரு தையல்காரர் பொறுக்க முடியாமல் எழுந்தார். "ஹிந்தே அம்மா, கீழேருந்து உங்க வீட்டுக்காரரு கூப்பிடறாரு" என்றார். கொட்டகை சிரித்தது. அவளுக்கு அதுவும் கேட்கவில்லை. இரண்டு அங்கம் அப்படியே ஓட்டிவிட்டாள்.

மூன்றாவது அங்கத்தில் வற்றிப்போனது. நின்றாள். ஹெர்ஷ்ல் காத்திருந்தான். சபை காத்திருந்தது. உள்ளே தேடிப் பார்த்தாள், ஒரு சொல்கூட இல்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெல்ல நடந்து கூண்டுக்கு முன்னால் வந்து முழங்காலிட்டாள். காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கினாள். "குடு" என்றாள். சபை அவள் கடவுளிடம் கேட்கிறாள் என்று நினைத்துக் கண்ணீர் விட்டது. யோய்னே கொடுத்தான்.

மறுநாள் காலை ஹிந்தே எழுந்திருக்கவே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவமானம் ஒரு பக்கம், அதைவிடப் பெரிய துக்கம் ஒன்று: யோய்னே சொன்னது சரியாகிவிட்டதே. யோய்னே டீ போட்டுக் கொண்டுவந்தான். சொல்லிக் காட்டுவான் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ரெண்டாவது அங்கத்துல மாமியார்கிட்ட ஒண்ணு சொன்னியே" என்றான்.

"என்ன சொன்னேன்?"

"'உங்க பையனை நான் கட்டிக்கலை, அவன் கோட்டைத்தான் கட்டிக்கிட்டேன். அதுதான் வீட்டுல ஆணியில தொங்குது'ன்னே. புஸ்தகத்துல அது இல்ல. பக்கம் பக்கமா புரட்டிப் பாத்தேன். எங்கேருந்து வந்துச்சு?"

"தெரியலை."

"எனக்கும் தெரியலை." அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "எட்டு வருஷமா நீ அடுத்து என்ன சொல்லுவேன்னு தெரியாம நான் ஒரு நாள்கூட உக்காந்ததில்ல. நேத்துதான் உக்காந்தேன். உசுரே போச்சு, ஹிந்தே. ஆனா..." நிறுத்தினான். "ஆனா நீ குனிஞ்சு 'குடு'ன்னப்போ எனக்குச் சந்தோஷமா இருக்கும்னுதான் நினைச்சேன். இல்ல. இன்னும் கொஞ்சம் பேசியிருக்கக் கூடாதான்னு இருந்துச்சு."

ஹிந்தே திரும்பிப் படுத்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கேலி செய்யவில்லை. அழுகிற மாதிரிகூட இருந்தான். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு, "எழுந்து வா, பெரிஷைப் பாத்துட்டு வரலாம்" என்றான்.

பெரிஷ் சுக்கர்மன் அலுவலகத்தில் ஹெர்ரிங் மீனும் வெங்காயமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையெழுத்து தனக்கு மட்டும்தான், ஜோடிக்கு இல்லை என்று யோய்னே சொன்னதும் அவனுக்குப் புரையேறியது.

"ஜோடியைப் பிரிக்கணும்னா விவாகரத்துப் பண்ணிவைக்கிற ரபிகிட்ட போங்கடா. என்கிட்ட எதுக்கு வர்றீங்க?"

"பிரிக்கலை. நான் உனக்கு இருக்கேன். குழியில எப்பவும்போல உக்காருவேன். அவ வேணும்னா அவளைக் கேளு."

"அவளையா?"

"அவளைத்தான்."

பெரிஷ் விரலைத் துடைத்துக்கொண்டு, கடையில் புதுச் சாமானைப் பார்க்கிற மாதிரி ஹிந்தேவைப் பார்த்தான். "நீ என்னம்மா சொல்றே?"

எட்டு வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. பழக்கதோஷம், அவள் கண் தானாக யோய்னே பக்கம் போயிற்று, பதிலை வாங்கிக்கொள்ள. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேண்டுமென்றே நின்றான், படுபாவி. அறையில் வெங்காய நெடி அடித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் வில்னா போறேன்" என்றாள் ஹிந்தே.

ஊர் சும்மா இருக்குமா? விவாகரத்து என்றார்கள். ஸெலிகருக்கும் அவளுக்கும் முடிச்சுப் போட்டார்கள். அந்த மனிதருக்கு ஆரஞ்சைத் தவிர எதன் மேலும் ஆசை கிடையாது என்பது தெரிந்தவர்களும் போட்டார்கள். "அவ வில்னாவுல, அவன் வார்சாவுல. இது ஜோடி இல்லடி, ரயில் பாதை" என்றாள் த்ஸிப்பே. சொல்லிவிட்டு, வழியில் சாப்பிட வாத்துக் கொழுப்பு தடவிய ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். யோய்னே ஸ்டேஷனில் ஒன்றே ஒன்று கேட்டான். நாடகத்தின் பிரதி ஒன்று அனுப்பச் சொன்னான். "படிக்கத்தான்" என்றான். அவள் அனுப்பினாள்.

வில்னாவில் முதல் மாதம் நரகம். ஸெலிகர் குழுவில் இருந்த சின்னப் பெண்கள் கிளி மாதிரி ஒப்பித்தார்கள். ஹிந்தே ஒரு பக்கத்தை ராத்திரி முழுக்கப் படிப்பாள், காலையில் வெள்ளைக் காகிதமாக இருக்கும். நின்று படித்தாள், நடந்து படித்தாள், சத்தமாகப் படித்தாள். ஒரு நாள் வீட்டுக்காரியின் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தபோது மூன்றாவது அங்கத்தில் ஒரு பேச்சு முழுசாக அவள் வாயிலிருந்து வந்தது. யாரும் கொடுக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள், நின்றுவிட்டது. கத்தியை எடுத்தாள், மறுபடி வந்தது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கைக்கு வேலை கொடுத்தால்தான் தன் தலை வாயைத் திறக்கிறது. முப்பத்திரண்டு வயதில் தன்னைப் பற்றித் தெரிந்துகொண்ட முதல் விஷயம் அது. வேறு என்னவெல்லாம் தெரியாமல் கிடக்கிறதோ என்று ஆசையாக இருந்தது. ஸெலிகரிடம் சொன்னாள். "அப்ப உங்க பாத்திரம் மேடையில துணி மடிக்கட்டும்" என்றார் அவர், அதிசயமே படாமல்.

அரங்கேற்றத்துக்கு யோய்னே வருவதாக எழுதவில்லை. வந்திருந்தான். திரை விலகி முதல் பேச்சு பேசும்போதே மூன்றாவது வரிசையில் அந்தத் தலையைப் பார்த்துவிட்டாள். அவன் முகத்தை அங்கே வைத்துப் பார்ப்பது விசித்திரமாக இருந்தது. அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். எட்டு வருஷமும் அவளுடைய செருப்பையும் மோவாயையும்தான் கீழேயிருந்து பார்த்தவன்.

முதல் அங்கம் போயிற்று. இரண்டாவது நன்றாகவே போயிற்று. ஹிந்தே துணிகளை மடித்தாள், வார்த்தைகள் வந்தன. மூன்றாவது அங்கத்தில், நாடகத்தில் அவள் புருஷனாக வரும் மரவியாபாரி மேஜையை விட்டு எழுந்து போகப் பார்க்கும் இடத்தில், மடிக்கத் துணி தீர்ந்துபோய்விட்டது. யாரோ ஒரு துண்டு குறைவாக வைத்துவிட்டார்கள். அவள் கை காற்றில் நின்றது. வாயும் நின்றது.

கண் மேடை விளிம்புக்கு ஓடியது. புதுப் பலகை, ஆணித் தலைகள். கண் அங்கிருந்து மூன்றாவது வரிசைக்கு ஓடியது. யோய்னே பாதி எழுந்துவிட்டிருந்தான். அவனுக்கு அந்த வரி தெரியும். அவன் உதடு திறந்ததை அவள் பார்த்தாள். பக்கத்திலிருந்தவர் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தார். அவன் உதடு மூடிக்கொண்டது. தொப்பியை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டான். கடித்தபடி அவளையே பார்த்தான்.

ஹிந்தேவுக்கு ஆத்திரம் பொங்கியது. தெரிந்தும் சொல்லாமல் நிற்கிறானே, பாவி. இத்தனை பேர் பார்க்கிறார்கள், அங்கே நின்று தொப்பியைத் தின்கிறான். அந்த ஆத்திரத்தோடு வாயைத் திறந்தாள்.

"உக்காரு" என்றாள். "நான் இன்னும் பேசி முடிக்கலை."

அதுதான் வரி. மேடையில் மரவியாபாரி உட்கார்ந்தான். மூன்றாவது வரிசையில் யோய்னேவும் தொப்பென்று உட்கார்ந்தான். அதற்கப்புறம் திரை விழும் வரை அவள் நிற்கவே இல்லை.

கைதட்டல் எல்லாம் ஓய்ந்து, பின்வாசலில் அவன் காத்துக்கொண்டு நின்றான். பனி உருகி நடைபாதை சகதியாகக் கிடந்தது. அவன் காலை ரயிலுக்குத் திரும்பியாக வேண்டும், பெரிஷின் கொட்டகையில் சனிக்கிழமைக்குப் புது நாடகம். அவள் இங்கே வசந்தம் முடியும் வரை. அதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவள் நேரே போய் அவன் கையிலிருந்த தொப்பியைப் பிடுங்கிப் பார்த்தாள். விளிம்பு ஈரமாக இருந்தது.

"உனக்கு அந்த வரி தெரியும்" என்றாள்.

"தெரியும்."

"நான் அங்க செத்துக்கிட்டிருந்தேன்."

"பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"பின்ன ஏன் குடுக்கலை?"

யோய்னே தொப்பியைத் திரும்ப வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான்.

"குடுத்திருந்தா வாங்கியிருப்பே" என்றான்.

அவன் சொன்னது சரிதான். ஒரு கணம்கூட யோசிக்காமல் வாங்கியிருப்பாள்.